ஸ்டெபிலைசர் மாட்டியும் வில் அடங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

அம்பு சிதறினால் உடனே இன்னும் நீளமான ஸ்டெபிலைசரை (வில்லில் மாட்டும், எடை வைத்த தண்டை) தேட ஆரம்பித்துவிடுகிறோம். இதே புகாரோடு வரும் வேட்டை வில்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும். கைப்பிடியை இறுக்கும் விரல்கள், கொஞ்சம் கூடிப்போன டிரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்), தளர்ந்துபோன ஒரு திருகு, இப்படி. ஸ்டெபிலைசரின் வேலை வில்லின் அசைவை மெதுவாக்குவது, எடையைச் சமன் செய்வது, அவ்வளவுதான். அசைவு எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடத்தை அது தொடாது. அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். புதுப் பொருள் வாங்குவது கடைசியில்தான்.

எல்லாமே காம்பவுண்ட் வில்லுக்கு (முனைகளில் கேம் எனும் சக்கரங்கள் உள்ள வில்), வலக்கைக்காரர்களுக்காக எழுதியது. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## கை வைப்பதற்கு முன்

வேட்டைக்கு எப்படிப் போவீர்களோ அப்படியே வில்லைத் தயார் செய்யுங்கள். குவிவர் (வில்லில் மாட்டும் அம்புக்கூடு) மாட்டி எய்பவர் என்றால் சோதனையிலும் குவிவர் இருக்க வேண்டும், அதில் அம்புகளும் இருக்க வேண்டும். 450 கிரெய்ன் அம்பு ஒன்று 29 கிராம், அதாவது ஓர் அவுன்சுக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து அம்பு என்றால் வலப்பக்கம் ஐந்து அவுன்சுக்கு மேல் தொங்குகிறது. காலிக் குவிவரோடு சமன் செய்த வில், நிறைத்ததும் வேறு வில்லாகிவிடும். வேட்டையில் முதல் அம்புதான் கணக்கு. நாணில் ஒன்று, குவிவரில் மீதி, இந்த நிலைக்குத்தான் சமன் செய்ய வேண்டும்.

அடுத்து, வில்லை உள்ளங்கையில் வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். நாணை முழுக்க இழுத்ததும் கையில் விழும் அழுத்தமே வேறு. இழுத்து நிற்கும்போது வில் என்ன செய்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

பஞ்சு ஒன்றை எடுத்து லிம்ப் (வில்லின் வளையும் கை) இரண்டின் மேலும், ஓரங்களிலும், கார்பன் பார் (ஸ்டெபிலைசரின் தண்டு) மேலும் மெதுவாகத் தடவுங்கள். எங்கேயாவது நூல் சிக்கினால் அங்கே விரிசலோ கிளம்பிய நாரோ இருக்கலாம். லிம்பில் சிக்கினால் இழுக்கவே வேண்டாம், நேராகக் கடைக்குப் போங்கள். நாணில் இழை அறுந்திருந்தாலும் அப்படித்தான்.

இழுத்துப் பார்க்கும் சோதனை எல்லாவற்றுக்கும் நாணில் அம்பு இருக்கட்டும், எதிரே இலக்கும் அதன் பின்னால் தடுப்பும் இருக்கட்டும். அம்பில்லாமல் நாணை விட்டால் லிம்ப், கேம், நாண் மூன்றும் போய்விடலாம், கையும் கிழியலாம்.

## தாங்கிப் பார்க்கும் சோதனை

எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பதை இந்தச் சோதனைதான் சொல்லும். 18 மீட்டரில் சிறிய வட்டம் ஒன்றை ஒட்டுங்கள். நாணை இழுத்து, சைட்டின் (குறிபார்க்கும் கருவி) ஒளிப்புள்ளியை வட்டத்தில் வைத்து, எட்டுப் பத்து விநாடி அப்படியே நில்லுங்கள். எய்யாமல் நாணை மெதுவாக இறக்குங்கள். நல்ல இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். எய்தால் கண் அம்பின் பின்னால் போய்விடும், புள்ளி என்ன செய்தது என்பது நினைவில் நிற்காது. அதனால்தான் எய்ய வேண்டாம் என்கிறேன்.

- புள்ளி இடவலமாக அலைகிறதா? முதல் அறிகுறி.
- கீழே இறங்குகிறதா, மேலேயே மிதக்கிறதா? இரண்டாவது.
- சைட்டில் உள்ள ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கவில்லையா? மூன்றாவது.
- புள்ளி நன்றாக நிற்கிறது, ஆனால் எய்யும்போது ஏதோ தப்பு என்றால் நான்காவதிலிருந்து பாருங்கள்.

## அறிகுறி 1: புள்ளி இடவலமாக அலைகிறது

கை. கைப்பிடியை உள்ளங்கை முழுக்கப் பற்றினால் எந்த ஸ்டெபிலைசரும் காப்பாற்றாது. கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். விரல்முட்டிகள் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கட்டும். வில் கீழே விழுமோ என்ற பயத்தில்தான் பலரும் இறுக்குகிறார்கள். மணிக்கட்டு வார் ஒன்றை மாட்டிவிட்டால் அந்தப் பயம் போய்விடும். சோதிக்க எளிய வழி: எய்த அடுத்த நொடி விரல்கள் என்ன செய்கின்றன என்று நண்பரை விட்டு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வில்லைப் பிடிக்கத் தாவினால் காரணம் அங்கேதான்.

டிரா லெங்த். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். உடம்பு பின்னால் சாய்ந்து, இடது தோள் காதுப் பக்கம் ஏறி, நாண் முகத்தில் அழுந்தி நின்றால் டிரா லெங்த் கூடியிருக்கிறது. அரை அங்குலம் கூடினாலே புள்ளி நன்றாக அலையும். மாடியூலை (கேமில் டிரா லெங்த்தை முடிவு செய்யும் துண்டு) சுழற்றி மாற்றும் கேம் என்றால் ஆலன் கீ போதும். மாடியூலையே கழற்றி மாற்ற வேண்டுமா, பிரஸ் (லிம்பை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) தேவைப்படுமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். பிரஸ் தேவை என்று போட்டிருந்தால் வீட்டில் முயல வேண்டாம்.

எடை. மேலே சொன்ன இரண்டும் சரி, ஆனாலும் அலைகிறது என்றால் இப்போதுதான் ஸ்டெபிலைசரின் முறை. அசைவின் குணத்தைப் பாருங்கள். புள்ளி சின்னச் சின்னதாக, வேகமாகத் துடிக்கிறதா? எடை போதவில்லை. பெரிய வட்டமாக, சோம்பலாக நகர்ந்து, நடுவுக்கு வர மறுக்கிறதா? எடை கூடிவிட்டது.

துடிப்புக்கு, முன்பாரின் (வில்லின் முன்னால் நீளும் பார்) நுனியில் ஓர் அவுன்ஸ் எடைத்தட்டு சேர்த்து மறுபடி தாங்கிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஓர் அவுன்ஸ், அதற்கு மேல் வேண்டாம். மூன்று அவுன்சை ஒரேயடியாக ஏற்றினால் எந்த அவுன்சில் சரியானது, எதில் கெட்டது என்பதே தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு மாற்றத்தையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாரின் நீளம். எடை ஏற்ற ஏற்ற கை வலிக்கிறது, துடிப்பும் முழுசாகப் போகவில்லை என்றால் அதே எடையைத் தூரமாகக் கொண்டுபோகலாம். 6 அங்குல ரப்பர் ஸ்டெபிலைசர்கள் அதிர்வைக் கொஞ்சம் விழுங்கும், மற்றபடி குறிக்கு அவற்றால் பெரிய லாபமில்லை. 10 அல்லது 12 அங்குல விறைப்பான பார் நுனியில் மூன்று அவுன்ஸ் இருந்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். போட்டி வில்களில் 30 அங்குல முன்பார் சாதாரணம். அதைப் புதருக்குள் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், வேட்டைக்காரர்கள் பலர் ஏன் 12-ஐத் தாண்டுவதில்லை என்று புரிந்துவிடும்.

## அறிகுறி 2: புள்ளி கீழே இறங்குகிறது, அல்லது மேலேயே மிதக்கிறது

எப்போது இறங்குகிறது என்பதுதான் கேள்வி. முதல் விநாடியிலிருந்தே இலக்குக்குக் கீழே போய், இழுத்து இழுத்து மேலே கொண்டுவர வேண்டியிருந்தால் சமநிலைக் கோளாறு. நான்கைந்து விநாடி நன்றாக நின்றுவிட்டு அப்புறம் சரிந்தால் களைப்பு. அதற்கு அறிகுறி 5-க்குப் போங்கள்.

ஆரம்பத்திலேயே இறங்கினால், முன்பாரிலிருந்து ஓர் அவுன்ஸ் எடுங்கள். சரியாகிறது, ஆனால் இடவல அலைச்சல் திரும்ப வருகிறது என்றால் எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிட்டு, பின்பாரில் (வில்லின் பின்பக்கம் நீளும் பார்) எடை சேருங்கள். பின்பார் குட்டையாக இருப்பதால் அதற்கு முன்னதைவிட அதிக எடை தேவைப்படும். முன்னால் ஒன்றுக்குப் பின்னால் இரண்டு என்று தொடங்குவது பலருக்கும் ஒத்துவருகிறது. அங்கிருந்து உங்கள் வில் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போங்கள்.

மேலே மிதந்து கீழே வர மறுத்தால் இதையே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பின் எடையைக் குறைக்க வேண்டும். டிரா லெங்த் குட்டையாக இருந்தாலும் இப்படி ஆவதுண்டு. இடது முழங்கை நன்றாக மடங்கி நின்றால் அதைச் சந்தேகியுங்கள்.

## அறிகுறி 3: குமிழி நடுவில் நிற்கவில்லை

வேட்டை வில்லில் அதிகம் வரும் புகார் இதுதான், தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். வில்லின் மேல்முனை வலப்பக்கம் சாய்ந்தால் குமிழி இடப்பக்கம் ஓடும், அம்பு வலப்பக்கம் சற்றுக் கீழே விழும். கிட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது. 40 மீட்டரில் நன்றாகத் தெரியும்.

முதலில் கண்ணை மூடிப் பாருங்கள். இலக்கைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, நாணை இழுத்து, உடம்பு வசதியாக உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்து நேராகக் குமிழியைப் பாருங்கள். கண் திறந்திருந்தால் மணிக்கட்டு தானாக வில்லை நிமிர்த்திவிடும், கோளாறு மறைந்துவிடும். அப்படி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே எய்தால் எய்யும் நொடியில் மணிக்கட்டு தளர்ந்து வில் திரும்பும். நான்கு அம்பு நன்றாக விழுந்து ஐந்தாவது மட்டும் வலப்பக்கம் போகிறதே என்று புலம்புபவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

குமிழி ஓரத்தில் நின்றால் இந்த வரிசையில் போங்கள்.

ரசமட்டமே பொய் சொல்கிறதா? ஓர் ஆணியில் தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். ஒளிப்புள்ளிகள் மேலிருந்து கீழாக வரிசையாக நிற்குமே, அந்த வரிசையை நூலோடு ஒட்டிப் பிடியுங்கள். குமிழி நடுவில் இல்லையென்றால் சைட்டின் இரண்டாம் அச்சுத் திருகைச் சரிசெய்யுங்கள். சமதரையில் சரியாக இருந்து, மேட்டை நோக்கி எய்யும்போது ஒரு பக்கமும் பள்ளத்தை நோக்கி எய்யும்போது எதிர்ப்பக்கமும் ஓடினால் அது சைட்டின் மூன்றாம் அச்சுக் கோளாறு. இரண்டுக்கும் ஸ்டெபிலைசருக்கும் சம்பந்தமே கிடையாது.

குவிவரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் குமிழி நடுவுக்கு வந்துவிட்டால் காரணம் பக்க எடை. சைட், ரெஸ்ட் (அம்பு தாங்கி), குவிவர் மூன்றும் வலப்பக்கமே இருப்பதால் வில் அந்தப் பக்கம் சாய்கிறது. பின்பாரை இடப்பக்கம் மாட்டி, வெளிப்புறமாக 10 பாகை திருப்பி மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னும் ஐந்து பாகை. கோணத்தை மாற்றுவதற்குக் காசு இல்லை. அதனால் எடையில் கை வைக்கும் முன் கோணத்தைத் தீர்த்துவிடுங்கள்.

பின்பார் இல்லையா? முன்பாரையே சற்று இடப்பக்கம் தள்ளி மாட்டும் ஆஃப்செட் தாங்கி ஒன்று கிடைக்கும். பின்பார் வாங்குவதைவிட மலிவு, புதரிலும் சிக்காது. குவிவரை ரைசரை (கைப்பிடி உள்ள நடுப்பாகம்) ஒட்டி நெருக்கமாக மாட்ட முடிந்தால் அதுவும் பாதி வேலையை முடித்துவிடும்.

எல்லாவற்றையும் கழற்றியும் சாய்கிறதா? அப்படியென்றால் கை வில்லை முறுக்குகிறது, அறிகுறி 1-இன் முதல் பத்திக்குத் திரும்புங்கள். வேறு நல்ல வில்லாளர் ஒருவர் இழுத்தும் அதே பக்கம் சாய்ந்தால், கேம் சாய்வு இருக்கலாம். கேபிளை முறுக்கிச் சரிசெய்ய பிரஸ் வேண்டும். இது கடைக்காரர் வேலை.

## அறிகுறி 4: எய்ததும் ஒரு ரீங்காரம், அல்லது 'டக்' என்ற சத்தம்

ஸ்டெபிலைசர் மாட்டியது அதிர்வைக் குறைக்கத்தானே, புதுச் சத்தம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஸ்டெபிலைசரிலிருந்தேதான்.

நாணை இழுக்காமல், விரல் நுனியால் லேசாகச் சுண்டுங்கள். இன்னொருவர் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பிடிக்கட்டும்: எடைத்தட்டு, பார், சைட், குவிவர், குவிவரில் உள்ள அம்புகள், நாண் நிறுத்தி. எதைப் பிடித்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் கோளாறு.

எடைத்தட்டில் என்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டு தட்டு எடுத்துவிட்டு அதே நீளப் போல்ட்டைத் திரும்ப முடுக்கினால், தட்டை இறுக்கும் முன்பே போல்ட் பாருக்குள் அடிமுட்டிவிடும். ஆலன் கீயில் கையெல்லாம் வலிக்க முடுக்கியாயிற்று, நன்றாக இறுகிவிட்டது என்று தோன்றும். தட்டை விரலால் சுழற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றும். குட்டைப் போல்ட் போட்டால் தீர்ந்தது.

பார் அடிக்கடி கழன்று வந்தால், மாட்டும் இடத்தில் மெல்லிய ரப்பர் வாஷர் ஒன்று போடுங்கள். எடைத்தட்டுப் போல்ட்டுக்கு நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அப்புறம் சூடேற்றித்தான் கழற்ற வேண்டியிருக்கும், கார்பன் பாருக்குச் சூடு ஆகாது. குவிக் டிஸ்கனெக்ட் (பாரைச் சட்டென்று கழற்ற உதவும் இணைப்பு) இருந்தால் அதன் பூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாரின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நுனியில் சிறு ஆட்டம் இருந்தாலும் பாரின் விறைப்பு வீண்.

மரை எல்லா வில்லிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. கையால் திருகும்போது வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். பாதியில் மாட்டினால் குறட்டை எடுக்காதீர்கள், திருப்பிக் கழற்றி, மரையைத் துடைத்து, நேராக வைத்துத் திரும்பத் தொடங்குங்கள். ரைசருக்குள் இருக்கும் மரைக்கூடே பாரோடு சேர்ந்து சுற்றினால், அல்லது மரை தேய்ந்து பிடிக்கவில்லையென்றால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் பசை ஊற்றிச் சமாளித்தவர்களின் ரைசரைச் சரிசெய்வது இரட்டை வேலை.

சத்தம் லிம்ப் போல்ட் பக்கத்திலோ கேமிலோ இருந்தால் நீங்கள் திறக்க வேண்டியது எதுவும் இல்லை.

## அறிகுறி 5: முதல் சில அம்பு நன்றாக, அப்புறம் எல்லாம் சிதறல்

கை தாங்கவில்லை. ஸ்டெபிலைசர் எடையில் ஒரு ஆசை உண்டு. ஓர் அவுன்ஸ் சேர்த்தால் நன்றாக நிற்கிறது, இன்னொன்று சேர்த்தால் இன்னும் நன்றாக நிற்கிறது, இப்படியே போய் ஒரு பவுண்டு ஏறியிருக்கும். பயிற்சித் தளத்தில் இளைப்பாறி எய்யும்போது தெரியாது. விலங்கு அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க, இழுத்த நாணோடு அரை நிமிடம் காத்திருக்கும்போது தெரியும்.

30 விநாடி தாங்கிப் பாருங்கள். முடியவில்லையென்றால் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் எடையைக் குறையுங்கள். அப்படியும் நடுங்கினால் டிரா வெயிட்டை (நாணை இழுக்கத் தேவைப்படும் விசை) குறையுங்கள். மேல், கீழ் லிம்ப் போல்ட் இரண்டையும் ஒரே அளவு தளர்த்த வேண்டும், கையேட்டில் சொன்ன சுற்று எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் லிம்ப் கழன்று வரும் ஆபத்து இருக்கிறது. குறைத்ததும் அம்பு விழும் இடம் மாறும், சைட்டைத் திரும்ப வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: அம்புகள் கூடித்தான் விழுகின்றன, ஆனால் வேறு இடத்தில்

இது கோளாறே இல்லை. எடை மாறினால் எய்யும் நொடியில் வில் நகரும் விதம் மாறும், அம்பு விழும் இடமும் கொஞ்சம் நகரும். அம்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே புள்ளியை நகர்த்துங்கள்.

பயிற்சி முனையும் வேட்டை முனையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் அதற்கு ஸ்டெபிலைசரைத் தொடவே வேண்டாம். அது ரெஸ்ட், அம்பின் விறைப்பு, கைப்பிடி சம்பந்தப்பட்டது. காகிதத்தை ஊடுருவ எய்து பாருங்கள். ரெஸ்ட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தியும் கிழிசல் ஒரே பக்கம் நீண்டுகொண்டே இருந்தால் கடைக்கு.

## அறிகுறி 7: நின்றால் சரி, உட்கார்ந்தால் சரியில்லை

மரப் பரணிலும் மறைவுக் கூடாரத்திலும்தான் இது தலைகாட்டும். பின்பாரின் நுனி தொடையிலோ இடுப்புப் பட்டையிலோ பாதுகாப்பு வாரிலோ உரசுகிறதா என்று, வேட்டைக்குப் போடும் அதே உடையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து இழுத்துப் பாருங்கள். உரசினால் எய்யும் நொடியில் வில்லை அது ஒரு பக்கம் தள்ளும். பின்பாரைச் சற்று வெளிப்புறமாகவோ கீழ்நோக்கியோ திருப்புங்கள். பிறகு குமிழிச் சோதனையை மறுபடி செய்தாக வேண்டும். இன்னும் உரசினால் 8 அங்குலப் பின்பாரை 6 ஆக்கி எடையைக் கூட்டுங்கள். கூடாரத்தில் முன்பார் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விலங்கு பார்ப்பதும் அதைத்தான்.

## அறிகுறி 8: காற்று அடிக்கும்போது மட்டும்

பார் நீளமாகவும் தடிமனாகவும் இருந்தால் காற்று பிடிக்கும். குவிவரில் நிற்கும் அம்புகளின் இறகு அதைவிட அதிகம் பிடிக்கும். குவிவரைக் கழற்றி மாட்டக்கூடியது என்றால் கழற்றி வைத்து எய்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், இனி கழற்றி வைத்தே எய்வது என்று முடிவு செய்து அதற்கேற்பச் சமன் செய்யுங்கள். இரண்டு நிலைக்கும் ஒரே சமன் கிடைக்காது. இல்லையென்றால் மெல்லிய பார் வாங்கலாம். காற்றுக்காக மட்டும் அதை வாங்குவது எனக்குச் செலவாகத்தான் தெரிகிறது.

## கடைக்குக் கொண்டு போகும்போது

லிம்பில் விரிசல், அறுந்த நாண் இழை, சுற்றும் மரைக்கூடு, கேம் சாய்வு, பிரஸ் தேவைப்படும் டிரா லெங்த் மாற்றம், தெரியாமல் வெற்று நாண் விட்ட வில், இவை எதையும் வீட்டில் தள்ளிப்போட வேண்டாம். வில்லை மட்டும் தனியாக எடுத்துப் போகாதீர்கள். நீங்கள் எய்யும் அம்புகள், ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கருவி), நிறைத்த குவிவர், எடை மாற்றங்களைக் குறித்த காகிதம் எல்லாம் கூட வரட்டும். நீங்கள் இழுப்பதை அவர் பார்க்கட்டும். இழுக்காத வில்லைப் பார்த்து அவர் சமன் செய்து கொடுத்தால், வீட்டுக்கு வந்து மறுபடி அறிகுறி 3-இலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.